நம்ம வண்டிக்கும் சாராயமா?

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன், இலத்தூர்)



போன சாரல் சீசனில் ஒரு நாள் காலையில் எங்க அப்பாவின் வண்டி கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடித்தது. 2009-ல் வாங்கிய 100 சிசி வண்டி. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, புளியரை என்று சுற்றாத இடமில்லை. கிக்கரை உதைத்து உதைத்து அப்பாவுக்குக் கால் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் ஊர் மெக்கானிக் அண்ணாச்சி கடை வரை தள்ளிக்கொண்டே போனோம்.

அண்ணாச்சி கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி உள்ளங்கையில் ஊற்றிக் காட்டினார். மேலே பெட்ரோல், அடியில் தனியாக இன்னொரு தெளிந்த திரவம். கிண்ணத்தின் சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பொடி. "பாத்தியாலே தம்பி? பெட்ரோல்ல சாராயத்தக் கலந்து விக்கான். மனுசன் குடிச்சாலே நிதானம் போயிருது, வண்டி என்னத்துக்கு ஆவும்? நீ இஞ்சின் படிக்கிற புள்ளதான, உங்க வாத்தியார்ட்ட கேட்டுச் சொல்லு பாப்போம்" என்றார். அப்பாவும் தலையை ஆட்டினார்.

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது ஓரளவு தெரியும். அண்ணாச்சி சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. டெல்லியில் சொல்வதிலும் பாதி சரி, பாதி தப்பு. இரண்டையும் நம் மாணவர் மன்ற மலரில் எழுதிப் பார்க்கலாமே என்றுதான் பேனாவை எடுத்தேன்.

சாராயம் என்று அண்ணாச்சி சொன்னதன் பெயர் எத்தனால். கரும்பைப் பிழிந்து சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் பாகிலிருந்தும், கரும்புச் சாற்றிலிருந்தும், உடைந்த அரிசி, மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்கிறார்கள். இது ஏதோ நேற்று முளைத்த யோசனை என்று நினைக்க வேண்டாம். சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-ல், எரிபொருள் சாராயத்துக்கென்று நம் நாட்டில் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். பிரேசில் நாடு 1975-ல் ஆரம்பித்தது. 2003 ஜனவரியில் இங்கே 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் 5 சதவீதம் கலக்க உத்தரவு வந்தது. தமிழ்நாடும் அதில் உண்டு. கரும்பு பொய்த்த வருஷங்களில் கலப்பும் நின்றுபோனது. அப்புறம் 2018-ல் உயிரி எரிபொருள் கொள்கை, 2022 ஜூனில் 10 சதவீதம், 2023 பிப்ரவரி 6-ம் தேதி பெங்களூரில் 20 சதவீதக் கலப்பு அறிமுகம், 2025-ல் நாடு முழுக்க 20. முதலில் இதற்கு 2030 என்று கெடு வைத்திருந்தார்கள். ஐந்து வருஷம் முன்னாலேயே முடித்துவிட்டார்கள். இந்த அவசரம் எங்கே போய் இடிக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் புகை விஷயம்.

பெட்ரோல் முழுசாக எரிய வேண்டுமென்றால் 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும் என்று நமக்கு இரண்டாமாண்டிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஏன்? எத்தனாலின் எடையில் 35 சதவீதம் அளவுக்கு ஆக்சிஜன் அதன் உடம்பிலேயே இருக்கிறது. குற்றாலத்துக்கு வருகிறவர்களில் சிலர் இங்கே வந்து ஓட்டலைத் தேடுவார்கள், சிலர் கட்டுச்சோறு கட்டிக்கொண்டே வந்துவிடுவார்கள் அல்லவா? எத்தனால் கட்டுச்சோற்றோடு வருகிற ஆள்.

இப்போது அப்பாவின் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் வண்டி. அதில் மெயின் ஜெட் என்று ஒரு துளை. சுத்தமான பெட்ரோலுக்கு என்று கணக்குப் போட்டுத் துளைத்தது. உள்ளே போவது பெட்ரோலா, கலப்பா என்று அந்தத் துளைக்குத் தெரியாது. அது பாட்டுக்கு அளந்து விடும். 20 சதவீதக் கலப்புக்குக் கணக்குப் போட்டால் 14.7 என்பது 13.5 பக்கம் இறங்குகிறது (எடைக் கணக்கில் நீங்களே போட்டுப் பாருங்கள், பரீட்சைக்கும் உதவும்). அதாவது காற்று 8 சதவீதத்துக்கு மேல் மிச்சப்படுகிறது. கலவை 'லீன்' ஆகிறது. பழைய வண்டிகள் எல்லாம் கொஞ்சம் 'ரிச்'சாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. காற்றுப் போதாமல் பாதி எரிந்த கரிதான் கார்பன் மோனாக்சைடாக வெளியே வந்துகொண்டிருந்தது. காற்று கிடைத்ததும் அது எரிந்துவிடுகிறது.

நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையில் இதற்கு எண்ணிக்கை இருக்கிறது. 20 சதவீதக் கலப்பில் இருசக்கர வண்டிகளில் கார்பன் மோனாக்சைடு 50 சதவீதம் குறைந்தது. கார்களில் 30 சதவீதம்தான். எரியாத ஹைட்ரோகார்பன் 20 சதவீதம் குறைந்தது. நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் ஒரு வழிக்கு வரவில்லை. வண்டிக்கு வண்டி, ஓட்டுகிற விதத்துக்கு விதம் மாறியது. பாதி புகை! நாட்டில் ஓடும் வண்டிகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் இருசக்கர வண்டி எனும்போது இது சின்ன விஷயம் அல்ல. சீசன் ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு மூச்சு முட்டியவர்களுக்கு இதன் அருமை புரியும். எனவே "சாராயம் ஊத்திக் கெடுத்துட்டான்" என்று மொத்தமாகத் தள்ளிவிட முடியாது அண்ணாச்சி!

ஆனால் தோழர்களே, இங்கேதான் ஒரு வேடிக்கை.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு கார்புரேட்டர் போய்ப் பெரும்பாலான புது வண்டிகளில் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. கலவை லீன் ஆனால் அது உடனே கண்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்லும். யூனிட் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி விட்டுப் பழையபடி சரியாக்கிவிடும். போதாததற்கு வினையூக்கி மாற்றி வேறு. பிஎஸ்-6 வண்டி ஒரு கிலோமீட்டருக்கு 1 கிராமுக்கு மேல் கார்பன் மோனாக்சைடு விடக்கூடாது என்பது சட்டம். ஏற்கனவே குளித்து முடித்த ஆளை மறுபடி அருவியில் தள்ளிய கதைதான், பெரிதாக அழுக்குப் போக அங்கே இடமில்லை.

ஆக, எத்தனாலால் புகை நன்றாகக் குறைவது யார் வண்டியில்? அப்பாவின் வண்டி மாதிரி, சென்சார் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டியில். சரி, எத்தனாலால் ரப்பரும் உலோகமும் கெடுவது யார் வண்டியில்? அதுவும் அதே பழைய வண்டியில்தான்! 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் 20 சதவீதத்தைத் தாங்குகிற ரப்பரும் வளையமும் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். 2009 வண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஊருக்குப் புகை குறைந்த லாபத்தைக் கொடுக்கிறவனும் அவனே, அதற்குச் செலவு கொடுக்கிறவனும் அவனே. லாபம் ஊருக்கு, செலவு வீட்டுக்கு. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே இதுதான். இதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. கலவை லீன் ஆனால் பிக்கப் கொஞ்சம் தயங்கும். புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது முறுக்கினால் ஒரு 'உக்' வாங்கும். ஓட்டுகிறவர் மெக்கானிக்கிடம் புகார் சொல்வார். மெக்கானிக் என்ன செய்வார்? ஒரு சைஸ் பெரிய ஜெட் போடுவார். அல்லது நீடிலை ஒரு வெட்டு உயர்த்துவார். வண்டி பறக்கும். மெக்கானிக்குக் கைராசி என்று பெயர். ஆனால் கலவை மறுபடி ரிச் ஆகிவிட்டதே! அந்த 50 சதவீதம் அத்தோடு போச்சு. சோதனைக் கூடத்தில் யாரும் ஜெட் மாற்றியிருக்க மாட்டார்கள். இலத்தூரில் மாற்றுவார்கள். ஆராய்ச்சிக்கும் நாட்டு நடப்புக்கும் நடுவில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் நிற்கிறது.

எத்தனால் எரியும்போது அசிட்டால்டிஹைடு என்ற வாயு கூடுதலாக வரும். கண், மூக்கு எரிச்சல் தருகிற சமாச்சாரம். பிரேசில் நகரங்களின் காற்றில் இதை அளந்து எழுதியிருக்கிறார்கள். நிதி ஆயோக் அறிக்கையும் இது கூடுகிறது என்று ஒப்புக்கொண்டு, அளவு குறைவுதான் என்கிறது. இருக்கட்டும். ஆனால் நாம் பணம் கட்டி சர்ட்டிபிகேட் வாங்குகிற புகைச் சோதனையில் பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் மட்டும்தான் பார்க்கிறார்கள். அதுவும் நின்ற இடத்தில், ஐடிலிங்கில். நைட்ரஜன் ஆக்சைடு கிடையாது, ஆல்டிஹைடு கிடையாது. எத்தனால் எதைக் குறைக்கிறதோ அதை மட்டும் அளக்கிறது மெஷின். எதைக் கூட்டக்கூடுமோ அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை!

அடுத்து மைலேஜ். டீக்கடைப் பேச்சு எல்லாம் இதில்தான். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி, ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் லிட்டருக்கு 7 சதவீதம் போல சக்தி குறைகிறது. இது கணக்கு, இதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் இருசக்கர வண்டிகளில் குறைவது 3 முதல் 4 சதவீதம் என்கிறது நிதி ஆயோக். மீதி எங்கே போனது? முன்பு பாதி எரிந்து வீணாய்ப் போன கரி இப்போது முழுசாக எரிகிறதே, அதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது என்பதுதான் எனக்குத் தெரிந்த விளக்கம். 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமும் புது வகைக் கார்களுக்கு 1-2 சதவீதம், மற்றவற்றுக்கு 3 முதல் 6 சதவீதம் வரை குறையலாம் என்று சொன்னது. "பாதிக்குப் பாதி போச்சு" என்று சத்தியம் செய்கிறவர்கள் டயரில் காற்றைப் பாருங்கள், செயினைப் பாருங்கள்.

நானும் நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அப்பா வண்டியில் டேங்க் நிரப்பி மைலேஜ் அளந்தோம். மூன்று தடவை அளந்தோம், மூன்று விடை வந்தது. ஒரு நாள் மழை, ஒரு நாள் பின்னால் என் மாமா (அவர் எடையை இங்கே எழுதினால் வீட்டில் சண்டை வரும்), ஒரு நாள் கேரளா லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்தோம். 3 சதவீத வித்தியாசத்தை ரோட்டில் கண்டுபிடிக்க நம்மால் ஆகாது என்பதைக் கண்டுபிடித்தோம்!

ஆக்டேன் பற்றியும் பெருமையாகச் சொல்கிறார்கள். உண்மைதான். எத்தனாலின் ஆக்டேன் எண் 108 பக்கம். நாக்கிங் வராது. ஆனால் அந்த வசதியைப் பயன்படுத்த கம்ப்ரஷன் விகிதத்தைக் கூட்டிக் கட்டிய இன்ஜின் வேண்டும். பழைய இன்ஜினுக்கு அது ஏணி இல்லாத வீட்டில் மாடி இருக்கிற மாதிரி. புதிதாகக் கட்டினால் எத்தனாலில் அருமையாக ஓட்டலாம் என்பதற்கு நம் ஓசூரே சாட்சி. டிவிஎஸ் கம்பெனி 2019 ஜூலையில் முழு எத்தனாலில் ஓடும் அப்பாச்சி ஆர்டிஆர் 200 வண்டியை வெளியிட்டது. பிரேசிலில் ஹோண்டா 2009-லேயே பெட்ரோல், எத்தனால் எதை ஊற்றினாலும் ஓடும் 150 சிசி வண்டியை விற்றது. குறை எத்தனாலில் இல்லை, எந்த வண்டிக்கு எதை ஊற்றுகிறோம் என்பதில் இருக்கிறது.

இப்போது அண்ணாச்சியின் உள்ளங்கைக்குத் திரும்புவோம். அடியில் நின்ற அந்தத் திரவம் என்ன?

கல்லூரி லேபில் அனுமதி வாங்கி ஒரு சோதனை செய்தோம். நீங்களும் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்யலாம். தீ, ஸ்விட்ச் எதுவும் கிட்டே இருக்கக் கூடாது. 100 மில்லி அளவு ஜாடியில் 80 மில்லி பங்க் பெட்ரோல், 20 மில்லி தண்ணீர். மூடிக் குலுக்கி வைத்தோம். ஐந்து நிமிஷத்தில் கோடு பிரிந்தது. அடியில் 20 மில்லி இருக்க வேண்டிய தண்ணீர் 35 மில்லி பக்கம் ஏறி நின்றது! பெட்ரோலில் இருந்த எத்தனால் அத்தனையும் தண்ணீரோடு கூட்டுச் சேர்ந்து கீழே இறங்கிவிட்டது. எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் அவ்வளவு பாசம்.

டேங்கிலும் இதுதான். கொஞ்சம் தண்ணீர் என்றால் எத்தனால் அதை இழுத்துப் பிடித்து பெட்ரோலோடு கலந்து எரித்துவிடும். அது நல்லதுதான். 10 சதவீதக் கலப்பு லிட்டருக்கு 5 மில்லி போலத் தாங்கும், 20 சதவீதம் இன்னும் கூடுதலாகவே தாங்கும். அளவு மீறினால்தான் சாராயமும் தண்ணீரும் சேர்ந்து மொத்தமாக அடியில் இறங்கும். டேங்கின் அடியிலும் கார்புரேட்டரின் கிண்ணத்திலும் உட்கார்ந்து அரிக்கும். அந்த வெள்ளைப் பொடி அப்படி வந்ததுதான். சரி, அவ்வளவு தண்ணீர் எப்படி வந்தது? ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் பக்கம் சாரல். வண்டி ராத்திரி முழுக்க வெளியில் நிற்கும். அப்பா வண்டியின் டேங்க் மூடி ரப்பர் எப்போதோ வெடித்துப் போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை. எத்தனாலே இல்லாத பெட்ரோலாக இருந்தாலும் அந்தத் தண்ணீர் அடியில் நின்று வண்டியை நிறுத்தியிருக்கும். அதனால்தான் அண்ணாச்சி சொன்னது பாதி தப்பு என்றேன்.

பாதி சரி எது? பெட்ரோல் குழாய் ஊறி மெத்தென்று ஆகியிருந்தது. ஃப்ளோட் நீடிலின் ரப்பர் முனை உப்பியிருந்தது. டேங்கில் பல வருஷமாக ஒட்டிக் கிடந்த துருவையும் பிசினையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டில் அடைத்திருந்தது. எத்தனால் நல்ல கரைப்பான், அதன் குணமே அது. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை 20,000 முதல் 30,000 கிலோமீட்டரில் மாற்ற நேரலாம், செலவு அதிகமில்லை, சர்வீஸில் மாற்றிக்கொள்ளலாம் என்று அமைச்சகமே 2025-ல் சொல்லிவிட்டது. செலவு அதிகமில்லை என்பது யார் கணக்கு? தினமும் நானூறு, ஐந்நூறு சம்பாதித்து அதில் ஐம்பதுக்குப் பெட்ரோல் போடுகிறவன் கணக்கா?

அரசாங்கத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2014-15 முதல் 2025 ஜூலை வரை 1.44 லட்சம் கோடி ரூபாய் அந்நியச் செலாவணி மிச்சம் என்கிறார்கள். கரும்பு விவசாயிக்கு சர்க்கரையை மட்டும் நம்பாமல் இன்னொரு வாசல் திறக்கிறது. வாசுதேவநல்லூர், சிவகிரிப் பக்கம் கரும்பு போடுகிறவர்கள் நமக்கு அந்நியர்கள் இல்லை, நம் வகுப்பிலேயே அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். (கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் என்று அதே நிதி ஆயோக் அறிக்கை சொல்வதையும், நம் குளங்கள் கோடையில் கிடக்கிற கிடப்பையும் சேர்த்து நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அது தனிக் கட்டுரை.)

2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தியபோதும் பழைய வண்டிகளின் வால்வு தேய்ந்துவிடும் என்று பயந்தார்களாம், எங்கள் ஆசிரியர் சொன்னார். இன்றைக்கு ஈயம் வேண்டும் என்று யாராவது கேட்பார்களா? ஆகவே மாற்றத்தை எதிர்க்கிற கட்சி அல்ல நான்.

நான் கேட்பதெல்லாம் அந்த 2021 அறிக்கையில் இருப்பதைத்தான். 20 சதவீதம் வந்த பிறகும் பழைய வண்டிகளைக் காப்பாற்ற 10 சதவீதக் கலப்பு நாடு முழுக்கத் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். மைலேஜ் குறைவதை ஈடுகட்ட வரிச்சலுகை தரலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு யோசனையும் எங்கே போயின? எத்தனாலின் கொள்முதல் விலையே 2025 ஜூலையில் லிட்டர் 71 ரூபாய்க்கு மேல் போய்விட்டது, எப்படி விலை குறைப்பது என்கிறார்கள். அப்படியென்றால் 10 சதவீதத்தையாவது ஒரு குழாயில் கொடுக்கலாமே? 20 சதவீதத்தை எட்ட 2030 வரை இருந்த கெடுவை 2025-க்கு இழுத்தபோது பழைய வண்டிகளின் ஆயுளையும் ஐந்து வருஷம் முன்னால் இழுத்துவிட முடியுமா? இப்படி வேறு பெட்ரோலும் கேட்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன வழக்கு 2025 செப்டம்பர் 1-ம் தேதி தள்ளுபடியானது. கோர்ட்டில் முடிந்தால் கேள்வியும் முடிந்ததாக ஆகாது. பங்க்கில் ஒவ்வொரு பம்பிலும் எத்தனை சதவீதம் என்று தமிழில், கண்ணுக்குத் தெரிகிற அளவில் எழுதி ஒட்டுவதற்குக்கூடக் கோர்ட் வேண்டுமா?

நம் பங்குக்கும் ஒன்று இருக்கிறது. இலத்தூர், இலஞ்சி, அச்சன்புதூர் என்று ஊருக்கு ஊர் இருக்கிற மெக்கானிக்குகளுக்கு இந்த விஷயத்தை யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அவர்கள் அனுபவத்தில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்கிறார்கள். நம் கல்லூரி ஆட்டோ ஷெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கூப்பிட்டு, எந்த ரப்பர் தாங்கும், எது தாங்காது, ஜெட்டை ஏன் சும்மா மாற்றக் கூடாது, சாரல் காலத்தில் கிண்ணத்தின் வடிகால் ஸ்க்ரூவை மாதம் ஒரு தரம் ஏன் திறந்துவிட வேண்டும் என்று காட்டினால் என்ன? அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்வது அதைவிட அதிகமாக இருக்கும். மாணவர் மன்றம் இதை ஏற்று நடத்த வேண்டுமென்று இந்த மலர் மூலமாகவே கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா வண்டிக்கு டேங்க் மூடி ரப்பர், எத்தனால் தாங்கும் புதுக் குழாய், ஃப்ளோட் நீடில், கிண்ணத்து வளையம் எல்லாம் மாற்றினோம். ஜெட் பழைய சைஸ்தான், நான் பிடிவாதம் பிடித்தேன். பிக்கப் கொஞ்சம் மந்தம் என்று அப்பா இன்னும் முணுமுணுக்கிறார். லேபிலிருந்து அந்த ஜாடியை ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அண்ணாச்சி கடை முன்னால் சோதனையைச் செய்து காட்டினேன். கோடு ஏறி நின்றதைக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "இந்தச் சாடி வெல என்ன இருக்கும்லே? கடையில ஒண்ணு வாங்கி வச்சிருதேன்" என்றார்.